ஒன்பது நாள் கைகளும் எங்கள் வீடியோ பிரிவின் அக்காவும்

அளந்து வெட்டி அழகாய்க் கோத்தவரே! படம் ஓடாத கணினியையும் பாடம் ஓடாத வகுப்பையும் ஒரே பொறுமையோடு ஓட வைத்தவரே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் காது கேளாதோர் பள்ளியின் வீடியோ பிரிவைத் தாங்கி நின்ற எங்கள் அக்காவே! உங்களோடு வேலை பார்த்த நாங்கள், பிரிய மனமில்லாமல் வாசித்துத் தரும் மடல் இது.

"மேடையில நிக்க வச்சு, நீங்க அப்படி, நீங்க இப்படின்னு ஆரம்பிச்சீங்க, பையைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்" என்று போன வாரம் சொன்னீர்கள். சொன்னால் செய்கிற ஆள் நீங்கள். அதனால் இனி 'நீங்கள்' என்ற பேச்சே இல்லை. ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறோம். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது வீடியோ பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சளி பிடித்த மனிதர் போல இரைந்துகொண்டே இருக்கும் ஒரு ஏசி. அவருக்குச் சைகை மொழி தெரியாது. யாரையும் கேட்காமல் முதல் வகுப்பில் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் இடிக்க இடிக்க ஒரு வருஷம் உட்கார்ந்தார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போல அசைத்தால் அந்தப் பள்ளியில் அது அக்காவின் பெயர். வைத்தது பிள்ளைகள்தான். கணக்குப் பாடம், அறிவியல் பாடம், சாலையை எப்படிக் கடப்பது என்று நூற்றுக்கணக்கில் படங்களை வெட்டி ஒட்டினார். அதையெல்லாம் இங்கே அடுக்கினால் பொழுது போய்விடும். அவர் மனதில் முள்ளாய்க் கிடக்கும் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன் பள்ளியில் ஒரு அகராதி எடுப்பது என்று முடிவானது. எழுத்து அகராதி இல்லை, கைகளின் அகராதி. பள்ளிகள் வருவதற்கு முன்னால் காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பழைய சைகைகள் ஒரு தையல்காரருக்குத் தெரியும். பிறவியிலேயே காது கேளாதவர், வயது எழுபத்திரண்டு. அவர் மகள் எங்கள் பள்ளியில் மொழிபெயர்ப்பாளர். அப்பா ஒரு சைகை காட்டுவார், மகள் அதன் பொருளை வாயால் சொல்வார். அதைப் படம் பிடிக்க வேண்டும். பதினோரு நாள், தொள்ளாயிரத்து நாற்பது சைகைகள்.

எந்த வடிவத்தில் கோப்புகளை வைப்பது என்று பேச்சு வந்தது. தலைமையாசிரியை கையை விரித்துவிட்டார்.

"எம்பி4, அந்த 4, இந்த 4 எல்லாம் எனக்குத் தெரியாதும்மா. பிள்ளைங்க வீட்ல இருக்கிற ஓட்டை போன்ல ஓடணும். அவ்வளவுதான்."

கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். "கேமராவுல விழற ஒரிஜினலை அப்படியே வச்சா, தினம் ஒரு டிஸ்க்கை முழுங்கும் அக்கா. யானைக்குத் தீனி போட்ட கதைதான்."

அக்கா யோசித்தார். கேமரா ஒரு நொடியை ஐம்பது படங்களாகப் பிடிக்கிறது. அதைப் பதினைந்து படமாகக் குறைத்து, நன்றாக அழுத்திச் சுருக்கினால் எந்த போனிலும் ஓடும். அப்படியே செய்தார். ஒலியை மட்டும் தொடவில்லை, இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் விட்டார். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள், சத்தம் கெட்டால்தான் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர் முன்பு வேலை பார்த்த ஸ்டுடியோவில் படித்த பாடம்.

முதல் நாள் மாலை போட்டுப் பார்த்தார்கள். 'மழை' என்றது மகளின் குரல், தையல்காரரின் கை அசைந்தது. 'மாமியார்' என்றது, கை அசைந்தது. 'பொய்' என்றது, அசைந்தது.

"சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கு அக்கா!" என்றார் கேமராக்காரர். அக்காவும் தலையாட்டினார். மெமரி கார்டு இரண்டுதான் இருந்தது. அதனால் தினமும் மாலையில் கோப்பை மாற்றுவதும், கார்டை அழிப்பதும், காலையில் மறுபடி கேமராவில் போடுவதுமாக ஒன்பது நாள் ஓடியது.

பத்தாம் நாளும் பதினோராம் நாளும் எடுத்தது கார்டிலேயே இருந்த நேரத்தில், எங்கள் கணக்கு வாத்தியார் அறைக்குள் வந்தார். அவருக்கும் காது கேட்காது. திரை முன்னால் குனிந்து நின்று ஒரு படம் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி இரண்டே சைகை காட்டினார்.

'விரல் எங்கே?'

அக்கா ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது. மெதுவாகக் காட்டிய சைகைகள் தப்பித்திருந்தன. வேகமாகக் காட்டியவற்றில் விரலே இல்லை. கொடியில் காயும் வெள்ளைத் துணி காற்றில் ஆடுவதுபோல ஒரு கலங்கல், அவ்வளவுதான். குரல் பொருளைச் சொன்னதால், காது கேட்கிறவர்கள் கையைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். காது கேளாதவர்களுக்கான அகராதியைக் காதால் சோதித்துப் பாஸ் போட்டிருந்தார்கள்!

மூலம் அழிந்துபோயிருந்தது. தப்பித்தவை போக, போனது எழுநூற்று எண்பது சைகைகள். அக்கா அன்றே தையல்காரர் வீட்டுக்கு ஓடினார். அவர் சிரித்துவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று காட்டினார். ஞாயிற்றுக்கிழமை பக்கவாதம் வந்து அவருடைய வலது கையைக் கொண்டுபோய்விட்டது.

அறிக்கை எழுத வேண்டி வந்தது. அக்கா இரண்டு வரி எழுதினார். 'கோப்பின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது நான். மூலத்தை அழித்தது நான்.' கீழே ஒரே ஒரு கையெழுத்து.

"எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானேம்மா?" என்றார் தலைமையாசிரியை.

"நீங்க தெரியாதுன்னு சொன்னீங்க மேடம். எனக்குத் தெரியும். தெரிஞ்சவதான் பழி ஏத்துக்கணும்."

அதோடு விட்டிருந்தால் அவர் வேறு ஆள். தையல்காரர் ஆறு மாதமாக யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் கேமராவோடு போய் அவர் கட்டிலருகே உட்கார்ந்தார். படம் எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். ஐந்தாவது சனிக்கிழமை தையல்காரர் திரும்பி, இடது கையால் ஏதோ காட்டினார். அந்த அரைகுறைச் சைகை மகளுக்கு மட்டும்தான் புரிந்தது.

"உங்களுக்கு வேற வேலை வெட்டியே இல்லையான்னு கேக்குறாரு அக்கா."

"இல்லைன்னு சொல்லும்மா. ஆபீஸ்ல இருந்தாலும் ஏசி சத்தந்தான் கேட்டுட்டு இருப்பேன்."

மகள் அதைக் காட்டியதும் அவருக்குக் கோணிய வாயோடு சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மகளைத் தன் வலப்பக்கம் இழுத்து உட்கார வைத்தார். இடது கை அவருடையது, வலது கை மகளுடையது. இரண்டும் சேர்ந்து ஒரு சைகை செய்தன. மகளின் விரல் தப்பாக மடங்கினால் மணிக்கட்டில் ஒரு தட்டு விழும். சில நாள் பத்துத் தட்டு வாங்கி ஒரு சைகை.

"மைக் எங்க மாட்டட்டும் அக்கா?" என்று கேட்டார் கேமராக்காரர்.

"அதைக் கழட்டி வீட்ல வை."

நொடிக்கு ஐம்பது படம், சுருக்கமே இல்லாத கோப்பு. போனுக்கு வேண்டிய சின்னக் கோப்பு தனியாக. மூலத்துக்கு மூன்று பிரதி, மூன்று வேறு கட்டடங்களில். யானை என்ன தின்றதோ அதைப் போட்டார். தினமும் போய் நாற்பத்தொரு நாள் எடுத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு சைகைகள் திரும்பி வந்தன. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் தையல்காரர் கண் திறக்கவில்லை.

மிச்சம் ஐந்நூற்று அறுபத்தெட்டு. அந்த எண்ணை அக்கா யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அது எழுதிக் கிடந்ததை நாங்கள் எட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஓய்வு பற்றிப் பேச்சு எடுத்தபோது, "விழாவும் வேணாம், மடலும் வேணாம். அவரு கையைத் தொலைச்சவளுக்கு எதுக்குப்பா பாராட்டு?" என்று அக்கா எழுந்து போய்விட்டார். அதைக் கேட்ட மகள், மடலில் தனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்:

"அக்கா, உங்க மேல எனக்கு ரெண்டு வருஷம் கோவம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோவம் உங்க மேல இல்லைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. முதல் நாள் சாயங்காலம் நீங்க எல்லாரும் போன பிறகு, நான் அந்த ரூமுக்கு வந்து எல்லாத்தையும் மறுபடி போட்டுப் பாத்தேன். ஒரு மணி நேரம் பாத்தேன் அக்கா. எனக்கு ஒண்ணுமே தப்பாத் தெரியல. பொறந்ததுல இருந்து பாத்த கை. திரையில இல்லாத விரலையும் என் கண்ணே போட்டுக்கிச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு நாளோட போயிருக்கும். நீங்க தனியா கையெழுத்துப் போட்டப்ப வாயை மூடிட்டு நின்னேன். எட்டு வருஷமா நின்னுட்டேன். போனது போனதுதான், சரியாப் போச்சுன்னு நான் சொல்லல. ஆனா அந்த நாப்பத்தொரு நாளு அப்பா எங்கிட்ட பேசினாரு. நீங்க வரலைன்னா அவரு சுவத்தைப் பாத்துட்டே போயிருப்பாரு."

கதை முடிந்தது. இனி 'நீங்கள்' என்று சொல்லிக்கொள்ள அனுமதியுங்கள்.

அக்கா, இன்று காலை நாங்கள் நால்வரும் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பழைய அறிக்கையை எடுக்கச் சொன்னோம். தெரியாது என்று கையை விரித்தவர், சத்தத்தைக் கேட்டு மகிழ்ந்தவர், பதினோராம் நாள் வரை எட்டிப் பார்க்காதவர், பார்த்தும் பேசாதவர் என்று நால்வரும் உங்கள் கையெழுத்துக்குக் கீழே எங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்தோம். ஐந்நூற்று அறுபத்தெட்டை இனி ஐந்து பேர் சுமப்போம்.

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், கண் பார்வை மங்காமல், இரவில் நிம்மதியாய்த் தூங்கி, நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் அக்கா!

இப்படிக்கு,
தலைமையாசிரியை
கேமராக்காரர்
கணக்கு வாத்தியார்
தையல்காரரின் மகள்