கடைசிக் குதிரையின் பெயர்

பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுவதையே பந்தயம் என்று நினைத்து, லக்கி ராஜா என்ற குதிரைக்கு எழுந்து நின்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவன் நான். அதைப் பிடித்து நடத்தியவனே திகைத்துப் பார்த்தான்.

நேற்று புந்தோங் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு இளைஞர்கள்.

"நல்ல பந்தய அறிவிப்பாளர்னா மூச்சு விடாம கத்தணும் மச்சான்."

"அத மீன்காரனும் செய்வான்லா. கடைசியா வர்ற குதிரை பேரயும் சொல்றவன்தான் அறிவிப்பாளர்."

"நீ பாத்துக்கிற லக்கி ராஜா வந்து சேர்றதுக்குள்ள அவன் பென்சனே வாங்கிருவான்."

"சிரிக்காத. எனக்குப் பாத்திருக்கிற பொண்ணோட அப்பா பாரிட் புந்தார்ல உக்காந்து ஒவ்வொரு ஞாயிறும் பந்தய அறிவிப்ப போன்ல கேக்குறாரு. இந்த அறிவிப்பாளன் முதல் நாலு குதிரையோட நிறுத்திடுறான். அப்படி ஒரு குதிரையே இல்ல, மாப்பிள்ளைக்கு வேலையும் இல்லன்னு கல்யாணத்த நிறுத்தப் பாக்குறாரு."

"ஒரு தடவகூட பேரு வரலயா?"

"ஜாக்கி கீழ விழுந்தப்ப வந்துச்சு. அன்னிக்குப் பாத்து மாமா தூங்கிட்டாரு."

எனக்கு மனம் கேட்கவில்லை. எட்டிக் குனிந்து சொன்னேன்: "தம்பி, லக்கி ராஜாவ நான் கண்ணால பாத்திருக்கேன், எழுந்து நின்னு கைதட்டியிருக்கேன். உங்க மாமாகிட்ட வந்து நான் சாட்சி சொல்றேன்."

குதிரைக்காரன் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அது நீங்கதானா? வேணாம்ணே."