வெர்லினின் இடது கை

— அதனால நேரா சொல்றேன், லோர்னா, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம பழைய ரேடியோ சங்கத்து சார்பா கேக்கறேன். பெட்டியைக் கொடுத்தாப் போதும். சனிக்கிழமை கண்காட்சி முடிஞ்சதும் நானே கொண்டுவந்து இதே மூலையில வெச்சிடறேன்.

— திரும்ப வேண்டாம், நார்பெர்ட்.

— வேண்டாமா? முப்பத்தெட்டாம் வருஷத்து ரேடியோகிராம்! மூடியைத் தூக்கினா ரெக்கார்டு, கதவைத் திறந்தா ரேடியோ, சுத்தி வால்நட் பலகை. ஓஹையோ முழுக்க சல்லடை போட்டாலும் இன்னொண்ணு தேறாது. இதுக்காக உங்க புருஷன் எத்தனை ஊர் அலைஞ்சான்!

— நானும் கூடப் போனேன். கார்லயே உக்காந்திருந்தேன். காப்பி எடுத்துக்கோங்க.

— ஐயோ, கோப்பை கொதிக்குது! வெறும் விரலால இப்படி ஏந்திட்டு வர்றீங்க?

— அப்படியா. சூடு தெரியறதில்ல. ரெண்டு கையிலயும். டாக்டர் வயசுங்கறாரு.

— வயசுதான். எனக்கு முட்டியில உக்காந்திருக்கு. சரி, நேரா சொல்றேன். பெட்டி பக்கத்துல ஒரு அட்டை வைக்கப்போறோம். அதுக்கும் நீங்க சரின்னு சொல்லணும்.

— என்ன அட்டை?

— எச்சரிக்கைதான். புதுசா சேர்றவங்களுக்கு. "கரண்ட் ஓடற பெட்டிக்குள்ள ஒரு கைதான் போகணும், மத்தது பேன்ட் பாக்கெட்ல இருக்கணும்." அப்புறம் கீழ, சின்ன எழுத்துல, "இதை மறந்து உயிரை விட்டவர்: வெர்லின் ஹோஸ்டெட்லர்."

— சின்ன எழுத்துல.

— நான்தான் மல்லுக்கட்டி சின்னதாக்கினேன். சங்கத்துல கிளைடுன்னு ஒருத்தன், போட்டோவோட வேணும்னான்.

— அந்த விதியைக் கொண்டுவந்ததே அவருதானே.

— அதான் சங்கத்துக்கு வயித்தெரிச்சலே! மீறினவன் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி டோனட் வாங்கணும்னு தண்டனை வெச்சதும் அவன்தான். நான் எத்தனை பெட்டி அழுதிருப்பேன் தெரியுமா? பிளக்கே சொருகாத செட்டு, உள்ள எலி கூடு கட்டியிருக்கு, அதுல ரெண்டு கை வெச்சேன். "நார்பெர்ட், சாக்லேட் தடவினதா வாங்கு"ன்னுட்டான்.

— அந்த டோனட்டையும் ஒத்தைக் கையாலதான் சாப்பிடுவாரு.

— இடது கை பாக்கெட்ல! சர்ச்சுல பாட்டுப் புஸ்தகம் பிடிக்கறப்பவும்!

— பக்கத்தை நான்தான் புரட்டணும்.

— என்ன பழக்கம்! என்ன கட்டுப்பாடு!

— கல்யாணத்துல மோதிரம் போடறதுக்குப் பாதிரியார் ரெண்டு தடவை கேட்டாரு, கையை வெளிய எடுங்கன்னு. எடுத்தாரு. போட்டேன். திரும்ப உள்ள போயிடுச்சு.

— ஹா! அன்னிக்கு ராத்திரி டான்ஸ் ஆடினப்போ?

— எல்லாரும் ஆடினாங்க. அவரு மண்டபத்து ஒலிபெருக்கி கரகரங்குதுன்னு மேடைக்கு அடியில போய்ட்டாரு. ஒரு கையோட.

— அப்பேர்ப்பட்ட ஆளு, லோர்னா! அவன் போய்... விடுங்க. சொல்லவே கஷ்டமா இருக்கு. சங்கத்து சுவர்ல பித்தளைத் தகடு இருக்குமில்ல, விதியும் அவன் பேரும் போட்டு?

— வாரம் ஒருக்கா போய்த் துடைச்சிட்டு வருவாரு.

— கழட்டிட்டாங்க. சொந்த விதியை மீறினவன் பேரு சுவர்ல இருந்தா மத்தவன் எப்படி மதிப்பான்னு கேட்டாங்க. ஆணி ஓட்டை அசிங்கமா இருந்துச்சு. மேல ஒரு காலண்டர் மாட்டியிருக்கு.

— என்ன படம்?

— டிராக்டர்.

— சரி.

— நீங்க கோவிச்சுக்கிட்டாக்கூடப் பரவாயில்ல, லோர்னா. இப்படி "சரி"ங்கறது தாங்கல.

— தகட்டை எங்க வெச்சிருக்காங்க?

— என் வண்டியிலதான் கிடக்கு. தூக்கிப் போட மனசு வரல. தலைவர் ஒரு வழி வெச்சிருக்காரு. இடது கை வெளிய வந்ததுக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தா, தகடு திரும்ப ஏறும், அட்டையும் கிடையாது. நேரா சொல்றேன், அதுக்குத்தான் நான் முதல்ல வந்திருக்கேன். பின்பக்கத்தைப் பாக்கலாமா?

— பாருங்க. போன ஜனவரிக்கப்புறம் யாரும் தொடல.

— கொஞ்சம் நகருங்க. டார்ச்சைப் பிடிங்க... அம்மாடி, என்ன தூசி. இதுவரைக்கும் சங்கத்துல வந்த யூகம் எல்லாம் சொல்லட்டுமா? கிளைடு, திருப்புளி கீழ விழுந்திருக்கும், பிடிக்கப் போயிருப்பான்னான். அதோ, திருப்புளி மேல ஒழுங்கா இருக்கு. தப்பு. ரெண்டாவது, ரெக்கார்டு மாத்தற இயந்திரம் சிக்கியிருக்கும்னான் ஒருத்தன். சிக்கல. ஊசி கடைசி வரைக்கும் போய் நின்னிருக்கு. என்ன ரெக்கார்டு இது?

— வால்ட்ஸ். ஜோடியா ஆடற பாட்டு.

— மூணாவது, மூக்கு அரிச்சிருக்கும்.

— யாரு சொன்னது?

— நான்தான். வேற ஒண்ணும் தோணல. இருங்க, இதைப் பாருங்க! இந்த ஒயர். துணி சுத்தின பழைய ஒயர், உறை பொடிப்பொடியா உதிர்ந்திருக்கு. ஈயம் பத்தவெச்ச இடமும் விட்டுப் போச்சு. விரலால அழுத்திப் பிடிச்சா பாடும், விட்டா நின்னுடும்.

— ஆமா. அழுத்திப் பிடிச்சிட்டிருந்தாரு. ஏழு மாசம் நோண்டி, அன்னிக்குத்தான் முதல் தடவையா பாடுச்சு.

— கரண்டை அணைச்சிட்டுப் பத்தவெச்சிருக்கலாமே, மடையன்!

— பாட்டு நின்னுடுமே.

— நின்னா என்ன? சரி, வலது கை அங்க மாட்டினது புரியுது. அதனால சாவு வராது, லோர்னா. ஷாக் உள்ள வந்தா மட்டும் போதாது, வெளிய போக அதுக்கு ஒரு வழி வேணும். காலுல ரப்பர் செருப்பு, கீழ கம்பளம். ஒத்தைக் கைன்னா சுளீர்னு ஒரு அடி, ரெண்டு கெட்ட வார்த்தை, அவ்வளவுதான். அந்தக் கையும் இந்தக் கையும் சேர்ந்தாத்தான் நெஞ்சு வழியா ஓடும். இடது கை எங்கயோ இரும்பைத் தொட்டிருக்கு.

— பெட்டிக்குள்ள தொட்டிருந்தா?

— தொட்டிருந்தா இந்தத் தூசியில விரல் பட்ட தடம் இருக்கணும். வலது பக்கம் இருக்கு. இடது பக்கம் பனி விழுந்த வயல் மாதிரி அப்படியே கிடக்கு. அவன் இடது கை உள்ள போகவே இல்ல!

— போகல.

— அப்ப வேற இரும்பு? இந்த அறையில இருக்கறது சுவத்தோரத்து ஹீட்டர் குழாய் ஒண்ணுதான்.

— குளிர்காலத்துல நான் அதைப் பிடிச்சிட்டுத்தான் நிப்பேன். அவரு செட்டு நோண்டறதைப் பாத்துக்கிட்டு.

— அன்னிக்கு நீங்க சமையல்கட்டுல இருந்தீங்க. போலீஸ்காரன் எழுதினப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன்.

— அப்படித்தான் சொன்னேன்.

— குழாயும் சரிவராது, லோர்னா. பாருங்க, இதோ அவன் மாதிரியே மண்டி போட்டுட்டேன். வலது கை உள்ள. இடது கையை இழுத்து நீட்டறேன். என் கை அவன் கையைவிட நீளம். பாருங்க, எவ்வளவு இடைவெளி! ஒரு ஆளு நிக்கலாம்.

— நிக்கலாம்.

— அப்ப காரணமே இல்லாம வெளிய வந்த கை. தலைவர்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது? மூக்கு அரிச்சுதுன்னா? மன்னிச்சிடுங்க. அட்டை வெக்கறதைத் தவிர வழி தெரியல. அவனுக்கு அந்தத் தகடுன்னா உசிரு.

— அதைவிடப் பெரிசா அவருக்கு ஒண்ணும் கிடையாதுன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன். முப்பத்தொரு வருஷமா.

— அட்டைக்கு சரின்னு சொல்லிடறீங்களா?

— தகட்டை வண்டியிலேர்ந்து எடுத்துட்டு வாங்க, நார்பெர்ட்.

— காரணம் இல்லாம எப்படி எடுத்துட்டு வர்றது? குழாய் அவனுக்கு எட்டாதுன்னு இப்பத்தானே ரெண்டு பேரும் பாத்தோம்!

— எட்டாதுதான். நடுவுல நான் குழாயைப் பிடிச்சிட்டு நின்னிட்டிருந்தேன். வலது கையை எடுத்தா பாட்டு நின்னுடும்னு, ஆடலாமான்னு இடது கையை நீட்டினாரு. பிடிச்சேன்.