கல்லில் இருக்கும் தேதி

மேயர்: சரியா இருபத்தாறு மணி நேரம்தான் இருக்கு, ஓதீல். நாளைக்கு நவம்பர் பதினொண்ணு, போர்ல செத்தவங்களுக்கு அஞ்சலி; பதினொரு மணிக்குப் பியூகிள் ஊதிடுவாங்க. நீ என்னடான்னா நினைவுக்கல்மேல ஏணியைச் சாத்திட்டுக் காபி குடிக்கிறே.

ஓதீல்: பதினொரு பேரோட எழுத்துக்குத் தங்கப் பூச்சு முடிஞ்சுது, மேயர் ஐயா.

மேயர்: கல்லுல பன்னிரண்டு பேராச்சே?

ஓதீல்: பன்னிரண்டாவது ஆள்மேல ஒரு சந்தேகம்.

மேயர்: அவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆச்சு. இப்ப என்ன சந்தேகம்?

ஓதீல்: "லூசியன் கார்தே, 14 ஜூன் 1917." நேத்து கல்லறைத் தோட்டத்துல பாசி சுரண்டச் சொன்னீங்களே... அங்கேயும் ஒரு லூசியன் கார்தே இருக்காரு. 1893லேர்ந்து 1961 வரைக்கும்.

மேயர்: அது... வேற ஆள். ஒண்ணுவிட்ட தம்பி.

ஓதீல்: பதிவேட்டைப் பார்த்தேன். இந்த ஊர்ல அந்தப் பேர்ல பிறந்தவர் ஒருத்தர்தான்.

மேயர்: பூச்சு பூச வந்தவளுக்குப் பதிவேடு எதுக்கு?

ஓதீல்: செத்து நாப்பத்துநாலு வருஷம் கழிச்சு இன்னொரு தடவை செத்தா, பூச்சு ஒட்டாதுங்க ஐயா.

மேயர்: மெதுவாப் பேசும்மா. ரொட்டிக்கடை வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க.

ஓதீல்: அவங்களுக்குத் தெரியாதா?

மேயர்: எல்லாருக்கும் தெரியும். அதான் மெதுவாப் பேசச் சொல்றேன்.

ஓதீல்: யாருங்க அவரு?

மேயர்: எங்க தாத்தா. சண்டையிலேர்ந்து ஓடி வந்துட்டாரு. ஏழெட்டு வருஷம் சீஸ் வைக்கிற நிலவறையில கிடந்தாரு. மன்னிப்புச் சட்டம் வந்துதான் வெளியே வந்தாரு. அதுக்குள்ள கல் வச்சு, பேண்டு வாசிச்சு, பெரிய அதிகாரி வந்து துணியை விலக்கிட்டுப் போயாச்சு. மறுபடி அவரைக் கூப்பிட்டு, "மன்னிக்கணும், ஒருத்தர் பொழச்சிட்டாரு"ன்னா சொல்ல முடியும்?

ஓதீல்: பேரைத் தேய்ச்சு எடுத்திருக்கலாம்.

மேயர்: பக்கத்து ஊர்க் கல்லுல பதினொரு பேர். நம்ம ஆளுங்க விடுவாங்களா?

ஓதீல்: அவரும் சும்மாவா இருந்தாரு?

மேயர்: சும்மாவா? வருஷா வருஷம் முதல் வரிசை. விழாவுல ஒவ்வொரு பேரையும் படிக்கப் படிக்க எல்லாரும் "பிரான்சுக்காக உயிர் நீத்தார்"னு சொல்லுவோமில்ல... தன் பேருக்கு அவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாச் சொல்வாரு. பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன்.

ஓதீல்: அப்ப இதே ஊர் அன்செல்ம் பெர்னி பேரைச் சேர்க்கச் சொன்ன மனுவுக்கு மட்டும் ஏன் "கல்லில் இடமில்லை"ன்னு பதில் எழுதினீங்க?

மேயர்: அது வேற விஷயம். அவரை நம்ம ராணுவமே சுட்டுச்சு. சண்டையிலேர்ந்து ஓடினவரை வீரர்களோட எப்படி...

ஓதீல்: சொல்லி முடிங்க ஐயா.

மேயர்: அந்த மனு பத்தி உனக்கு எப்படித் தெரியும்?

ஓதீல்: எழுதினது எங்கம்மா. மூணு தடவை. பெர்னி அவங்களோட தாத்தா. அம்மா இப்ப ஆஸ்பத்திரியில... அடுத்த நவம்பர் வரைக்கும் தாங்காதுன்னுட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் போய் நின்னதும், "படிச்சாங்களா"ன்னுதான் கேப்பாங்க.

மேயர்: ஓ. வேணும்னேதான் இந்த வேலைக்கு வந்திருக்கே.

ஓதீல்: ஆமா. கல்லுல வெட்டக்கூட வேணாம் ஐயா. நீங்க ஒரு தடவை வாயால படிச்சாப் போதும்.

மேயர்: முடியாதும்மா. வேற ஏதாவது கேளு.

ஓதீல்: சரி, வேற கேக்கிறேன். உயிரோட இருந்தவருக்குச் செத்த தேதி எங்கேர்ந்து வந்துச்சு?

மேயர்: ராணுவத்துக் காகிதம்.

ஓதீல்: ராணுவத்துக்கு யார் சொன்னாங்க?

மேயர்: பூச்சு காஞ்சு போகுது... வேலையைப் பாரு.

ஓதீல்: யார் சொன்னாங்க?

மேயர்: இது ஊருக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஓடினாங்க. வழியில எங்க தாத்தாவுக்குக் கால் உடைஞ்சுபோச்சு. பெர்னி அவரை வைக்கோலுக்குள்ள மூடிட்டு, தேடி வந்தவங்க எதிர்ல தானாப் போய் நின்னாரு. "இன்னொருத்தன் எங்கே"ன்னு கேட்டாங்க. "லூசியன் பதினாலாம் தேதியே பதுங்குகுழியில குண்டு விழுந்து செத்துட்டான், நான்தான் புதைச்சேன்"னாரு. அதை எழுதிக்கிட்டுத்தான் அவரைச் சுட்டாங்க. நீ பூச மாட்டேங்கிற அந்தத் தேதி... உங்க பெர்னி சொன்னதும்மா.