ஐந்து கண்ணாடித் துண்டுகள்

— நாக்குல வச்சுப் பார்த்தேன், மிஸஸ் பஃப்டன். இனிக்குது.

— எது இனிக்குது? அந்த ஆப்பிள் கூடையைக் கொஞ்சம் நகர்த்துங்க சைலஸ். படியில தண்ணி சிந்தியிருக்கு.

— வடக்குச் சுவர்ல விரிசலுக்குக் குறுக்க நான் ஒட்டி வச்ச கண்ணாடி இருக்கு பாருங்க, அதைச் சுத்தி இருக்கிற சாந்துதான். நான் வச்சது சுண்ணாம்பு. சுண்ணாம்பு இனிக்காதுங்க. அம்பது வருஷமா அதோட தூசியைத் தின்னுக்கிட்டே வேலை செஞ்சவன் சொல்றேன்.

— பசியில வந்திருப்பீங்க. உள்ளறையில ரொட்டியும் சீஸும் வச்சிருக்கேன், போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நாளைக்கு அறுப்புப் பண்டிகை. இன்னும் சர்ச்சுல ஒரு ஜன்னல்ல கூடப் பூ வைக்கல. இந்தச் சுரைக்காயை எங்க வைக்கிறதுன்னு வேற தெரியல. வருஷா வருஷம் பெருசாகிக்கிட்டே போகுது, ஜெனால்ட் வீட்டுச் சுரைக்காய். இதை வளர்க்கிறாரா, இதுக்குப் பெண் பார்க்கிறாரான்னு தெரியல.

— எலி கடிச்சிருக்குங்க. எந்த எலியும் சுண்ணாம்பைக் கடிக்காது.

— எலியா? அப்போ பூனையைக் கொண்டு வந்து விடணும்.

— முட்டையோட வெள்ளைக்கரு, பொடிச்ச சர்க்கரை. கேக்கு மேல பூசுறது. சர்க்கரை ரேஷன் போய் ஒரு வருஷம்தான் ஆகுது. இந்த ஊர்ல இவ்வளவு கெட்டியாப் பூசுற கை ஒண்ணே ஒண்ணுதான்.

— அது இருக்கட்டும்.

— இருக்கட்டும்னா எப்படிங்க?

— கதவைச் சாத்துங்க முதல்ல.

— சாத்த வரலீங்க. செவ்வாய்க்கிழமையில இருந்தே சாத்த வரல. நிலை கோணிக்கிச்சு.

— மழை ஈரம். மரம் ஊதியிருக்கும்.

— மூணு வாரமா மழை இல்லை. லக் ஆத்துல மாடு முழங்கால் நனையாம நடந்து போகுது.

— எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்க?

— உங்ககிட்டத்தான் முதல்ல.

— சரி. உட்காருங்க. அங்க வேணாம், இந்தப் பக்கம் உட்காருங்க. ஜூன் மாசம்தான் முதல் தடவை. மெழுகுவர்த்தித் தண்டைத் துடைச்சிக்கிட்டு இருந்தேன். பின்னாடி ஒரு சத்தம். டீக்கோப்பையில சுடுதண்ணி ஊத்தினா விரிசல் விடுமே, அந்த மாதிரி. திரும்பிப் பார்த்தா கண்ணாடி ரெண்டாப் போயிருக்கு. நான் அப்படியே நின்னேன் சைலஸ். எவ்வளவு நேரம்னு தெரியல. அப்புறம் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர் லென்னர்டோட படத்தைச் சட்டத்துல இருந்து கழட்டினேன். அந்தக் கண்ணாடியைத்தான் வெட்டி வச்சேன்.

— தேதியை எப்படிக் கீறினீங்க? நான் ஏப்ரல் ஒன்பதுன்னு ஆணியால கீறியிருந்தேனே.

— கல்யாண மோதிரத்துக் கல்லால. அதே ஏப்ரல் ஒன்பது.

— நல்லாத்தான் கீறியிருக்கீங்க.

— கேலி பண்ணாதீங்க.

— கேலி இல்லீங்க. விரிசலுக்குக் குறுக்க கண்ணாடி ஒட்டுறது எதுக்கு? சுவரு அசையுதா இல்லையான்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும். ஒரு மயிரிழை அசைஞ்சாலும் உடைஞ்சிடும். வியாழக்கிழமை நகரத்துல இருந்து வந்த அந்தப் பரிசோதகர் என்ன பண்ணாரு? இதோ இந்த நடைபாதையில நின்னாரு, பைனாகுலரை வச்சுப் பார்த்தாரு. அஞ்சு கண்ணாடியும் முழுசா இருக்கு, ஏப்ரல்ல இருந்து அசைவே இல்லைன்னு எழுதிட்டாரு. ஆராதனை நடத்தலாம், வசந்தத்துல இருந்து நிறுத்தி வச்ச மணிகளை எல்லாம் சேர்த்து அடிக்கலாம்னு கையெழுத்தும் போட்டாரு. கேக்கு மேல பூசுற சர்க்கரைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு மனுஷன்.

— டீயும் குடிச்சிட்டுத்தான் போனாரு. ரெண்டு துண்டு கேக்கும்.

— அதே சர்க்கரைதானா?

— ...அதே கிண்ணம்தான்.

— நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?

— நூத்தி அறுபது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க பாடுறாங்க, அதனால அப்பா அம்மா எல்லாரும் வருவாங்க. காலையில பத்துக்கு மணி.

— கோபுரத்து மணி ஆறும் ஒண்ணா ஆடினா கோபுரம் ஆடும். கோபுரம் ஆடினா இந்தக் கூரை வளைவு ஆடும். தலைக்கு மேல இருக்கிறதோட எடை என்னன்னு எனக்குத் தெரியும், மிஸஸ் பஃப்டன். இதைக் கட்டுறப்ப வாளி வாளியா நான் சுமந்த கலவை. பதிமூணு வயசு எனக்கு.

— தெரியும். எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லாத கிறிஸ்துமஸ் கிடையாது.

— சொல்லாத ஒண்ணு இருக்குங்க. இந்தச் சர்ச்சுக்கு பிளான் போட்ட லண்டன் துரை, தோர்ன்கேட், இங்கேயே குடிசை போட்டு ரெண்டு வருஷம் இருந்தாரே. கான்ட்ராக்டர் வேணாம்னாரு. மெஷின்ல செஞ்சது ஒண்ணும் உள்ள வரக்கூடாது, ஊர்க்காரங்க அவங்க அவங்க கையால, அவங்க அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி செய்யட்டும்னாரு. எங்ககிட்ட அப்படி எந்தத் துரையும் பேசினது இல்லை. வளைவுக்கு உள்ள இரும்புக் கம்பி போடலாமான்னு கொத்தனார் கேட்டப்ப, கம்பி வேணாம், அது பொய்யான பலம், கட்டடம் தன்னோட பலத்துல நிக்கணும்னு சொல்லிட்டாரு. கேட்க எவ்வளவு நல்லா இருந்துச்சு. அந்த டிசம்பர் உறைபனியில கலவை கெட்டிப்படாம இருந்துச்சு. நிறுத்தணும்னு கொத்தனார் சொல்லல. நிறுத்தச் சொல்றதுக்கு மேஸ்திரின்னு ஒருத்தர் கிடையாது. எல்லாரும் அவங்க அவங்க வேலையைச் செஞ்சோம். உங்க அம்மாவும் மத்த பொம்பளைங்களும் சாக்கைப் போர்த்தி, அடியில நெருப்பு மூட்டி, ராத்திரியெல்லாம் காவல் இருந்தாங்க. காலையில நான் மேல ஏறி விரலால அழுத்திப் பார்த்தேன். பொலபொலன்னு இருந்துச்சு. ஈஸ்டர் கேக்கு மாதிரி.

— யார்கிட்டயும் சொல்லலையா?

— பதிமூணு வயசு. எழுதப் படிக்கத் தெரியாது. யார் கேப்பாங்க? அந்தத் துரை வந்து என் தோள்ல கை வச்சு, சைலஸ், இது உன் கை வேலைன்னாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?

— அம்மா மூணு வருஷம் உட்கார்ந்து பீடத்துத் துணியைத் தைச்சாங்க. ஓக் இலையும் ஹாப் கொடியுமா. முடிக்கிறப்ப வலது கண்ணு போயிடுச்சு. எனக்கு வேற சமாதி எதுக்குன்னு கேப்பாங்க. எங்க லென்னர்ட் செதுக்கின பெஞ்சு அது, அந்த அணில் இருக்கிறது. அணில் மாதிரியா இருக்கு அது? நனைஞ்ச பூனை மாதிரி இருக்கு. ஆனா கைவைக்காத பிள்ளை இந்த ஊர்ல இல்லை. வழவழன்னு ஆயிடுச்சு. இதைப் பூட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? ஆத்துக்கு அந்தப் பக்கத்து சர்ச்சைத் தற்காலிகமாப் பூட்டறோம்னாங்க. போன மாசம் பஸ்ஸுல போறப்பப் பார்த்தேன். உள்ள வைக்கோல் அடுக்கியிருக்கு.

— வைக்கோல் மேல விழுந்தா வைக்கோலுக்கு வலிக்காதுங்க.

— நீங்களே போய்ச் சொல்லுங்களேன் அப்போ. உங்களுக்கு வாய் இல்லையா?

— கூலிக்காரன் சொன்னா குடிச்சிருக்கான்னு சொல்வாங்க. சனிக்கிழமை வேற. சாவி உங்ககிட்ட இருக்கு. பொறுப்புல இருக்கிறவங்க நீங்க. பூட்டுங்கன்னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாப் போதும். அந்த ஒருத்தரா என்னால இருக்க முடியல, அவ்வளவுதான்.

— என்னை மட்டும் குத்தவாளியாக்காதீங்க. நான் மாத்தினது கீழ இருக்கிற ரெண்டுதான். ஜூன்ல ஒண்ணு, ஆகஸ்டுல ஒண்ணு, அப்புறம் புதன்கிழமை ரெண்டையும். நாற்காலி மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். மத்த கண்ணாடிக்கு எல்லாம் நான் எங்க ஏறுவேன்?

— தெரியும்.

— தெரியுமா?

— கோபுரத்து வாசல் மேல இருக்கிறது பன்றிக் கொழுப்பும் சாம்பலும். மணி அச்சுக்குத் தடவுறது.

— ப்ராபர்ட்டா? மணி அடிக்கிறவரு எதுக்கு...

— அவரு அப்பாவும் தாத்தாவும் இழுத்த கயிறு. ஏப்ரல்ல இருந்து அதைத் தொடக்கூடாதுன்னதுல ஆளு பாதியாப் போயிட்டாரு. அதோட கண்ணாடி, அவரு வீட்டுப் பன்றிக்கொட்டாய் ஜன்னலோடது. வாசனையே சொல்லிடுச்சு. பிரசங்க மேடைக்கு மேல இருக்கிறது தேன்மெழுகு. பீடத்துல எரியிற வத்தி.

— இல்லை. இல்லை சைலஸ். குருவானவரா?

— மெழுகுல கட்டைவிரல் ரேகை அழகாப் பதிஞ்சிருக்கு. இந்த ஊர்ல மண்வெட்டி பிடிக்காத கட்டைவிரல் எத்தனை இருக்கு?

— பத்து வாரமா பொறுமையைப் பத்தியே பிரசங்கம் பண்றாரேன்னு பார்த்தேன்.

— துரை சொன்னபடியே பண்ணிட்டீங்க எல்லாரும். அவங்க அவங்க கையால, அவங்க அவங்களுக்குத் தெரிஞ்ச பொருள்ல.

— சிரிப்பு வருது எனக்கு. சிரிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருக்காங்களே, சபைக்கு என்ன ஒரு பக்தி வந்துடுச்சுன்னு நினைச்சேன். ஒருத்தரும் மேல பார்க்கலை. அதுதான் விஷயமா? பாட்டும் மெதுவாத்தான் பாடறாங்க. போன வாரம் சின்னப் பையன் ஒருத்தன் இருமினான். வரிசை முழுக்கத் திரும்பி அவனைப் பார்த்துச்சு.

— அந்தப் பீடத்துத் துணி மேல என்னங்க, வெள்ளையா?

— எது? ...ரொட்டி மாவு. கதிர்க்கட்டு மாதிரி ரொட்டி சுட்டுக் கொண்டு வந்தேன் இல்ல.

— ரொட்டி அந்தப் பக்கம் இருக்கு.

— மேல இருந்து உதிர்றதைத் தினமும் காலையில பெருக்குறேன் சைலஸ். முதல்ல ஒரு கைப்பிடி இருந்துச்சு. இப்ப ஒரு முறம். சரி. சரி, கேளுங்க. நான் யோசிச்சுட்டேன். உச்சியில ஒண்ணு இருக்கே, அஞ்சாவது.

— ஆமா.

— அங்க குருவானவரும் ஏற முடியாது, ப்ராபர்ட்டும் ஏற முடியாது. அவ்வளவு நீளமான ஏணி ஊர்லயே உங்க ஒருத்தர்கிட்டதான் இருக்கு. வளைவுக்கு உயிரே உச்சிதான், பக்கத்துச் சுவரு எப்படிப் போனாலும் உச்சி நின்னா நிக்கும்னு சபைக் கூட்டத்துல நீங்களே சொன்னீங்க. நான் குறிப்புல எழுதியிருக்கேன்.

— சொன்னேன்.

— இங்க வந்து நில்லுங்க. மேல பாருங்க. மத்தியானத்து வெயில் அதுல பட்டு மின்னுது. முழுசா இருக்கு. ஒரு கீறல் இல்லை. நாங்க நாலு பொய் சொன்னோம், ஒத்துக்கிறேன். ஆனா அது ஒண்ணு நிஜம் பேசுது இல்லையா? அது உடையாத வரைக்கும் நாளைக்கு ஒரு நாள் தாங்கும். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை காலையில நானே சாவியைக் கொண்டு போய்க் கொடுத்து எல்லாத்தையும் சொல்லிடறேன். சர்க்கரை, லென்னர்ட் படம், எல்லாத்தையும். ஆனா அது உடைஞ்சிருந்தா, இப்பவே, இந்தப் பூவைக்கூட எடுக்காமப் பூட்டிடறேன். சத்தியமா. என்னைப் பார்த்துச் சொல்லுங்க சைலஸ். அது நீங்க உங்க கையால சுண்ணாம்பு வச்சு ஒட்டினதுதானே?

— என் கைதாங்க. சுண்ணாம்புதான்.

— அப்போ?

— ஏப்ரல்ல வச்சது மே மாசமே உடைஞ்சு போச்சு. வியாழக்கிழமை அவரு பைனாகுலர்ல பார்த்தது ஏழாவது. நீங்க இப்பப் பார்க்கிறது எட்டாவது.