பதினேழாவது பேட்டரி

— கையெழுத்துப் போட மாட்டேன், அண்ணே. முதல்ல ஜெனரேட்டர் தானா ஓடட்டும்.

— ஓடலைன்னா, தங்கச்சி?

— ஓடலைன்னா நீங்க எழுதி வெச்சிருக்கற இந்தக் காகிதத்துல என் பேரைப் போட்டுட்டு, டப்பாவைக் கழட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கிளம்பிடறேன். குஞ்சு பொரிக்கற இந்த ஹேச்சரியோட கரண்டு ரூம் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன். போதுமா?

— கேட்டுக்கிட்டியா, மாப்ளே? நீதான் சாட்சி.

— காது ரெண்டையும் தீட்டி வெச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன், அத்தான். டிபன் டப்பாவுக்குள்ள நகம் அளவு சிப்பை வெச்சு மூடுவாங்களாம், அது ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணுமாம். அட போங்க விஞ்ஞானி! நான் பதினோரு வருஷமா அந்த மிஷினைக் கட்டி அழறவன். எனக்கே அது சொன்ன பேச்சு கேக்காது.

— ஊரே உங்களை டீசல்னு கூப்பிடறது சும்மாவா, மச்சான்? ஆனா ஒண்ணு. இது கெஞ்சாது, திட்டாது, பார்த்துக்கிட்டே இருக்கும். திரையைப் பாருங்க, நாப்பத்தேழு புள்ளி ஆறு வோல்ட். காலைல ஏழு மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் எரிஞ்சதுல இருந்து இந்தப் பதினாறு பேட்டரிதான் உள்ள இருக்கற ஆறாயிரம் முட்டைக்கும் சூடும் காத்தும் குடுத்துக்கிட்டு இருக்கு.

— பதினெட்டாம் நாள் முட்டை. புரியுதா? இன்னும் மூணு நாள்ல குஞ்சு வெளிய வரணும். உன் விளையாட்டுக்கு நான் அதைப் பலி குடுக்க முடியாது.

— யாருண்ணே விளையாடறது? நாப்பத்தேழுக்குக் கீழ இறங்கினா ஜெனரேட்டர் ஓடணும், பேட்டரி நிரம்பினா நிக்கணும். அதுக்கு வேற ஜோலி கிடையாது. கண் அசராது, டீ குடிக்கப் போகாது.

— கேட்டீங்களா அத்தான்? கண் அசராதாம்! ஜாடை பேசறாங்க.

— சத்தியமா உங்களைச் சொல்லலை, மச்சான்.

— வேற யாரைச் சொல்லப் போறீங்க? போன மழைல நாலாயிரம் முட்டை கூழாப் போச்சே, அன்னைல இருந்து எனக்குத் தூங்குமூஞ்சின்னுதானே பேரு. என் கூடப் பிறந்த அக்காவே சோத்தைப் போட்டுட்டு, "தின்னுட்டுப் போய்த் தூங்குடா"ங்கறா. சாவியைத் திருப்பினேன், கடக்குனு ஒரு சத்தம்கூட வரலைன்னு நாக்கு தேயற வரைக்கும் சொன்னேன். எவன் நம்பினான்?

— மறுநாள் காலைல மெக்கானிக் வந்து ஒரே திருப்புல ஓட்டிக் காட்டினான். புரியுதா? பழசைக் கிளறாதே, மாப்ளே.

— அப்போ போன வாரத்தை மட்டும் எதுக்குண்ணே கிளறிக்கிட்டே இருக்கீங்க?

— ஒரே பகல்ல ஒன்பது தடவை தானா ஓடித் தானா நின்னுச்சு! பேய் புடிச்ச மாதிரி! அதைக் கேக்கக் கூடாதா?

— அது என் தப்புதான். பெரிய ஃபேன் கிளம்பறப்ப வோல்டேஜ் ஒரு நொடி குப்புற விழும், உடனே எழுந்துக்கும். அதைப் பார்த்து டப்பா பதறிடுச்சு. இப்ப மாத்திட்டேன். ஒரு நொடி சரிஞ்சா நம்பாதே, தொண்ணூறு நொடி சரிஞ்சே கிடந்தா நம்புன்னு எழுதியிருக்கேன்.

— எங்கக்காவுக்கும் அந்த மாதிரி ஒண்ணு எழுதி விடுங்க, விஞ்ஞானி. புண்ணியமாப் போகும்.

— சிரிக்காதே மாப்ளே! இப்ப எவ்வளவு?

— நாப்பத்தேழு புள்ளி ரெண்டு. அண்ணே...

— என்ன?

— கடைசியா ஒரு தடவை கேக்கறேன். என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?

— உன்கிட்ட நான் என்னத்தைச் சொல்லணும்? அப்பா இந்த இடத்தை என் கையில குடுத்துட்டுப் போனாரு. எது எப்ப ஓடணும்னு நான் சொல்லுவேன். நிமிஷத்துக்கு நிமிஷம் இங்க யாரு என்ன பண்ணினாங்கன்னு குறிச்சு வெக்கற டப்பா எனக்கு வேண்டாம்.

— அது பேட்டரியைத்தான் குறிக்கும். ஆளை அதுக்குத் தெரியாது.

— எல்லாம் ஒண்ணுதான்.

— சரி, விடுங்க. இந்த டப்பாவுக்காக ஒரு வருஷம் உங்க எல்லார் கேலியையும் தின்னு வளர்ந்திருக்கேன். இன்னும் ஒரு பத்து நிமிஷம் தின்ன முடியாதா? ஜெனரேட்டர் ரூமுக்கு யாரும் போகக் கூடாது, அதானே பேச்சு?

— எவன் போறது? மத்தியானத்துல இருந்து சாவி என் இடுப்புல இருக்கு.

— நாப்பத்தேழு.

— அய்யோ, இறங்குதே.

— நாப்பத்தாறு புள்ளி ஒன்பது. தொண்ணூறு நொடி ஆரம்பம். எண்ணுங்க மச்சான், நீங்கதானே சாட்சி.

— ஒண்ணு, ரெண்டு, மூணு... அட போங்க, எனக்கு வாய் குழறுது. கடிகாரத்தைப் பார்த்துக்கறேன்.

— உனக்கு எதுக்குடா வேர்க்குது? தோத்தா அவதானே போகப் போறா?

— உள்ள ஆறாயிரம் உயிர் இருக்கு அத்தான். அதுங்களுக்கு யார் ஜெயிச்சா என்ன? நாப்பத்தஞ்சு நொடி. விஞ்ஞானி, திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்கறீங்களே.

— எடுக்க மாட்டேன். டப்பாவும் எடுக்காது.

— எழுபது... எண்பது... எண்பத்தஞ்சு... தொண்ணூறு!

— எங்கே?

— ஒண்ணும் கேக்கலையே, அத்தான். கடக்குனுகூட வரலை. அன்னைக்கு மழைல எப்படி இருந்துச்சோ, அச்சு அசலா அதே மாதிரி...

— முடிஞ்சுது. பேனா இந்தா. போடு கையெழுத்தை.

— அத்தான், அது கிடக்கட்டும், சாவியைக் குடுங்க! ஓடிப்போய்க் கையால ஸ்டார்ட் பண்றேன். பேட்டரி படுத்துதுன்னா முட்டை சில்லுன்னு ஆயிடும்!

— இருங்க மச்சான். ஓடாதீங்க. அது மூணு தடவை முயற்சி பண்ணும்.

— மூணு இல்ல, முப்பது தடவை பண்ணட்டும். ஓடாது. போடும்மா!

— ரெண்டாவதும் போச்சு.

— எனக்கு வேலை இருக்கு. போடறியா இல்லையா?

— மூணும் போச்சு. இப்பக் கேளுங்க.

— என்னத்தைக் கேக்கறது, விஞ்ஞானி? ஒண்ணுமே... அத்தான்! அத்தான், சுவரு அதிருது! ஓடுது! என் மிஷினு ஓடுது!

— எப்படி? செத்த பேட்டரில அது எப்படி ஓடும்?

— நாப்பத்தெட்டு... அம்பது... ஏறுது, மச்சான். பதினாறும் சார்ஜ் ஆகுது.

— இருங்க விஞ்ஞானி. அத்தான், இப்ப என்ன சொன்னீங்க? செத்த பேட்டரியா? ஜெனரேட்டரைக் கிளப்பற பேட்டரியக் காலைல நான்தானே துடைச்சு, தண்ணி பார்த்து வெச்சேன். குதிரை மாதிரி இருந்துச்சே. அது எப்பச் செத்துச்சு? உங்களுக்கு யார் சொன்னா?

— ஒரு... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— நான் சொல்றேன், மச்சான். எல்லாரும் டப்பா பதினாறு பேட்டரியத்தான் பார்க்குதுன்னு நினைச்சீங்க. பதினேழாவதையும் அது பார்க்குது, ஜெனரேட்டரைக் கிளப்பற அந்த ஒத்தைப் பேட்டரிய. இன்னைக்கு மத்தியானம் ரெண்டு பத்துக்கு அது பன்னெண்டே முக்கால் வோல்ட்ல இருந்து பூஜ்யத்துக்கு விழுந்துச்சு. நாலு நிமிஷம் பூஜ்யம். அப்புறம் ஒன்பதுன்னு காட்டுச்சு. என் போன்ல அப்பவே வந்துடுச்சு. நல்ல பேட்டரியக் கழட்டி, செத்த பேட்டரிய மாட்ட நாலு நிமிஷம் ஆகும்.

— அம்மா மேல ஆணை, நான் அந்தப் பக்கம் போகவே இல்லை!

— தெரியும். ரெண்டு பத்துக்கு நீங்க என்கூடத்தான் உள்ள தண்ணித் தட்டு மாத்திக்கிட்டு இருந்தீங்க.

— அப்போ... சாவி...

— வாசல்ல நிக்கற அண்ணனோட வண்டியப் போய்ப் பாருங்க. காலைல நீங்கதானே அதைத் தள்ளிக் கிளப்பி விட்டீங்க. இப்ப நல்ல பேட்டரி அதுலதான் இருக்கு, தொட்டாலே சீறும்.

— தங்கச்சி, போதும். புரியுதா? நிறுத்திக்கோ.

— அத்தான்... போன மழைல அன்னைக்குச் சாயங்காலம் அந்த வண்டிலதானே வெளிய போனீங்க? "வண்டி கிளம்ப மாட்டேங்குது"ன்னு என்கிட்டயே சொல்லிட்டு, கொஞ்ச நேரத்துல கிளம்பிப் போனீங்களே?

— அரை மணில திரும்பிடலாம்னுதான் ஜெனரேட்டர் பேட்டரிய வண்டிக்கு மாத்திட்டுப் போனேன். பாதி வழில மழை புடிச்சுக்கிச்சு. ரோட்டுல தண்ணி. வர்றதுக்குள்ள எல்லாம்... வந்ததும் பழையபடி மாட்டிட்டேன்.

— மாட்டிட்டு, மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து, ஒரே திருப்புல ஓட்டிக் காட்டினீங்க. பதினஞ்சு மாசம், அத்தான். பதினஞ்சு மாசமா என்னைப் பார்த்து எங்கக்கா தலையில அடிச்சுக்கறா. நீங்க பக்கத்துல உக்காந்து சோறு தின்னீங்க.

— தெரியாம நடந்துபோச்சு. இன்னைக்கும் முட்டையச் சாக விட்டிருக்க மாட்டேன். நல்ல பேட்டரி வாசல்லதானே இருக்கு...

— விஞ்ஞானி, ஒண்ணு கேக்கறேன். செத்த பேட்டரி மூணு தடவையும் கை விரிச்சுது. அப்புறம் எது கிளப்புச்சு?

— பதினெட்டாவது. ரூம் மூலையில பழைய சாக்குக்கு அடியில இருக்கு. பதினேழாவது மூணு தடவை ஏமாத்தினா அதுக்குத் தாவுன்னு எழுதியிருக்கேன்.

— இருக்கறது நல்லா இருக்கறப்ப, அதை எதுக்கு வெச்சீங்க?

— சாவியைத் திருப்பினேன், சத்தமே வரலைன்னு ஒருத்தர் சொன்னாரு. வீடே சிரிச்சுது. நான் நம்பினேன், மச்சான். அதை நம்பித்தான் இந்த டப்பாவையே செய்ய ஆரம்பிச்சேன்.

— சரி, ஆனது ஆச்சு. ஓடிடுச்சில்ல? ஆனா இங்க முதலாளி இன்னும் நான்தான். தங்கச்சி, டப்பாவைக் கழட்டு.

— கழட்ட மாட்டேன்.

— நீ சொன்னா கேக்க மாட்டே. மாப்ளே, நீ கழட்டு.

— முதல்ல உங்க இடுப்புல இருக்கற சாவியைக் கழட்டி விஞ்ஞானிகிட்ட குடுங்க, அத்தான்.