கூடை நிறையுற வரைக்கும்

— நீ செஞ்ச இந்த டென்னிஸ் பந்து பொறுக்குற மெஷின் பந்த வாங்கல மாப்ள, என் மானத்த வாங்குது. இந்த வாரத்துல மூணாவது தடவையா நிக்குது.

— அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க. என் பட்டறையில நாள் பூரா ஓடுச்சு இது. இங்க வந்தாத்தான் இதுக்கு வாதம் வந்துருது.

— பட்டறையில ஓடி என்ன புண்ணியம்? பந்து கெடக்குறது இங்க.

— அக்கா வாங்கி வச்ச வெங்காயத்தக் கூடத் தரையில கொட்டி ஓட்டிப் பாத்தேன். ஒண்ணு விடாம அள்ளிக் கூடையில போட்டுச்சு. தோலெல்லாம் உரிஞ்சு போச்சுன்னு அக்காகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம்.

— வெங்காயக் கதைய விடு. நாளைக்குக் கிளப் மேனேஜர் வர்றாரு. எல்லா கோர்ட்டுக்கும் இதையே வாங்கலாம்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன். அவர் முன்னாடி மக்கர் பண்ணுச்சுன்னா உன் பொழப்பு மட்டும் இல்ல, என் பேரும் கந்தல்.

— எனக்குத் தெரியாதா அத்தான்? இந்த ஒரு மெஷின நம்பி வந்த வெல்டிங் வேலையெல்லாம் வேண்டாம்னு அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். இந்த ஸ்பேனரக் கொஞ்சம் பிடிங்க.

— நான் கோச்சா, உன் கையாளா? ஏய் பொண்ணு, ராக்கெட்டப் பிடிச்சுட்டு அங்க என்ன நின்னுட்டு இருக்க? மெஷின் நின்னா உன் கையும் நிக்கணுமா?

— கூடை காலி சார். பந்தெல்லாம் அந்தப் பக்கம் கெடக்கு. நாம ரெண்டு பேரும் பொறுக்கிரலாமா சார்?

— மாமா எதுக்கு வந்திருக்காரு? ரூம்ல இன்னொரு கூடை இருக்கு பாரு, அத எடுத்துட்டு வந்து சர்வீஸ் போடு.

— சரி, சார். மாமா, இது சரியாக ரொம்ப நேரம் ஆகுமா?

— ஏன் குட்டி, வீட்டுக்குப் போகணுமா?

— இல்ல மாமா. மெதுவாவே பாருங்க.

— மெதுவாவா? நல்லாச் சொன்ன போ. அத்தான், உங்க மக ஒருத்திதான் என்னைய அவசரப்படுத்தாத ஆளு. ஆனா இந்த சார் மோர் இன்னும் போகலையா? பெத்த அப்பன சார்னு கூப்பிடுற புள்ளைய இங்கதான் பாக்குறேன்.

— கோர்ட்டுல அப்பா, மகள்னு ஆரம்பிச்சா கண்டிப்பு காத்துல போயிரும் மாப்ள. பந்து அடிக்கிற வரைக்கும் நான் சார். அடிச்சு முடிச்சுப் பொறுக்க ஆரம்பிச்சா அப்பா. கூடை நிறைஞ்சதும் மறுபடி சார். அவ சின்னதா இருந்தப்பவே நாங்க பேசி வச்ச ஏற்பாடு.

— ஆமாமா, நானே பாத்திருக்கேனே. ஆளுக்கொரு மூலையில குனிஞ்சுகிட்டுப் பள்ளிக்கூடத்துக் கதை, பக்கத்து வீட்டுக் கதைன்னு ஒண்ணு விடாம அளப்பீங்க. யாரு அதிகமாப் பொறுக்குறதுன்னு பந்தயம் வேற. நீங்க ஒளிச்சு வச்ச பந்தையெல்லாம் அவ கண்டுபிடிச்சுச் சிரிப்பா.

— அந்த வெட்டிப் பேச்ச ஒழிக்கத்தானே மெஷின். அடிக்கிற நேரத்த விடப் பொறுக்குற நேரம் ஜாஸ்தி. இப்ப இது ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள அடுத்த கூடை ரெடி. முன்ன அடிச்சதுக்கு இப்ப ரெண்டு மடங்கு அடிக்கிறா. அடுத்த வாரம் செலக்‌ஷன். விடக் கூடாது.

— அக்கா என்ன சொல்றா?

— உங்க அக்காவா? வாசப்படி தாண்டி டென்னிஸ் பேச்சே உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கா. போன வருஷம் இவளுக்குக் கணுக்கால் சுளுக்குனதுக்கே ராக்கெட்டத் தூக்கிப் பரண்ல போட்டவ. நான் கெஞ்சிக் கூத்தாடி இறக்கினேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சா நான் வாயத் தொறக்குறது சாப்பிட மட்டும்தான்.

— சார்.

— என்ன?

— தோள்பட்ட…

— அதான் நானும் காலையிலேர்ந்து கத்துறேன். தோள்பட்டையத் திருப்பி அடி. கைய மட்டும் வீசினா பந்து நெட்டுலதான் விழும். அடுத்தது.

— கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கட்டுமா சார்?

— இப்பதானே குடிச்ச. பாதிக் கூடையாவது முடி. அடுத்தது.

— அத்தான், புள்ள முகமே சரியில்ல.

— செலக்‌ஷன் பயம். எனக்கும் அந்த வயசுல இருந்துச்சு. நீ மெஷினப் பாரு.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். மோட்டார் நல்லாருக்கு. பெல்ட் நல்லாருக்கு. முந்தாநாள் ஒயர் கழண்டு கெடந்துச்சுன்னு சொன்னேன்ல? நான் முடுக்கின ஒயர் தானா கழலாது. யாரோ இழுத்திருக்காங்க. எனக்கு அப்பவே பொறி தட்டுச்சு.

— உன் வேல சரியில்லன்னா யார் தலையிலயாவது கட்டிரு.

— என்னைய என்ன வேணா சொல்லுங்க, என் வேலைய மட்டும் சொல்லாதீங்க. பக்கத்து கோர்ட் கோச் நேத்து இந்த மெஷினையே முறைச்சுப் பாத்துட்டு நின்னாரு. அவரு வேலையா இருக்குமோ?

— அவன் தன் ஷூ லேஸக் கட்டவே ஆள் தேடுறவன். அவனாவது வந்து ஒயரப் பிடுங்குறதாவது.

— அப்ப வாட்ச்மேன்?

— வாட்ச்மேன் இதப் பாத்தாலே பத்தடி தள்ளிப் போறாரு. கால இழுத்துருமாம்.

— இருங்க, இருங்க. இந்த உருளைக்குள்ள என்னமோ சுத்திக் கெடக்கு. போன் லைட்ட அடிங்க. இன்னும் கீழ. ஆங், அங்கதான்.

— என்ன அது, துணியா?

— துணி இல்ல, டேப்பு. ராக்கெட் பிடியில சுத்துவீங்களே, அது. நீலக் கலரு. தானா போய்ச் சிக்கினது இல்ல அத்தான். இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு பாருங்க. அவுக்கவே வரல.

— கத்திரி வச்சு வெட்டு. குடு இங்க.

— யாரு அத்தான் இந்தக் கலர் போடுறது?

— இங்க ஒருத்திதான். பழசப் பிரிச்சுட்டு நேத்துதான் புதுசு சுத்திக் குடுத்தேன். ஏய், ராக்கெட்டக் கீழ வச்சுட்டு இங்க வா.

— வந்துட்டேன் சார்.

— இது என்ன?

— பழைய டேப்பு சார்.

— மெஷினுக்குள்ள எப்படிப் போச்சு?

— நான்தான் சுத்தினேன்.

— அடிப்பாவி. முந்தாநாள் ஒயரு?

— அதுவும் நான்தான் மாமா.

— என் மேல உனக்கு என்ன குட்டி கோவம்? நாளைக்கு அந்த மேனேஜர் வர்றாருன்னு எனக்குச் சோறு இறங்கல. நான் செஞ்சதுலதான் கோளாறுன்னு நெனச்சு மூணு தடவ பிரிச்சு மாட்டியிருக்கேன்.

— உங்க மேல கோவமே இல்ல மாமா. மன்னிச்சுருங்க.

— பாத்தியா மாப்ள? எல்லாம் சோம்பேறித்தனம். மெஷின் நின்னா உக்காந்துக்கலாம்னு பாத்திருக்கா. என் மக, என் மகன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறேன். இவ எனக்கே ஆப்பு வச்சிருக்கா.

— சோம்பேறித்தனம் இல்ல சார்.

— அப்பக் கொழுப்பா? எடு ராக்கெட்ட. மெஷின் ஓடினாலும் சரி, ஓடாட்டியும் சரி, இன்னும் ரெண்டு கூடை அடிச்சுட்டுத்தான் இன்னைக்கு வீடு.

— சரி, சார்.

— அத்தான், ஒரு நிமிஷம். குட்டி, நீ ஏன் இடது கையால எடுக்குற?

— ஒண்ணுமில்ல மாமா.

— வலது கைய மேல தூக்கு பாப்போம். இன்னும் மேல. அவ்வளவுதானா?

— அதுக்கு மேல வராது மாமா. காலையில தலை சீவவும் முடியல.

— எப்பலேர்ந்து இப்படி?

— மெஷின் வந்து கொஞ்ச நாள்லேர்ந்து.

— அத்தான், கேட்டீங்களா? புள்ளைக்குக் கையே தூக்க வரல.

— ராக்கெட்ட இப்படிக் குடு. ஏம்மா, வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அம்மாகிட்ட சொன்னா ராக்கெட் பரணுக்குப் போயிரும், சரி. நான் உன் அப்பன்தானே, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?

— மெஷின் நின்னுட்டா பழையபடி கூடையத் தூக்கிட்டு நீங்க பொறுக்க வருவீங்க, அப்ப அப்பாகிட்ட சொல்லிரலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் நீங்க மாமாவுக்குப் போன் பண்ணிட்டீங்க, சார்.