பாவிச்ச மணிக்கூடு

கட்டிப் பாருங்க சேர், கட்டிப் பாருங்க. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கைக்குள்ள எல்லா மணிக்கூடும் வடிவாத்தான் இருக்கும். கையில ஏறினாத்தான் அதுட குணம் தெரியும். ஓம், பாரமாத்தான் இருக்கும். உருக்குத்தானே, பிளாஸ்டிக் இல்லையே. விலையா? அதைப் பிறகு கதைப்பம். முதல்ல அந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்க. பேன் காத்து அங்கதான் நல்லா வரும்.

நீங்க கேட்டது நல்ல கேள்வி. புதுசு வாங்கிறதா, பாவிச்சது வாங்கிறதா? திருகோணமலையில என்னட்ட இதைக் கேக்காத ஆள் இல்ல சேர். ஹாபர்ல வேலை செய்ற இஞ்சினியர்மார் கேப்பாங்க, நேவி ஆக்கள் கேப்பாங்க, உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வெச்சிருக்கிற ஆக்கள் கேப்பாங்க. எல்லாருக்கும் என்னட்ட ஒரே பதில்தான் இருக்கு. ஆனா நீங்க உங்கட கைக்கு வாங்க வரல்லையே. தங்கச்சிட மாப்பிள்ளைக்கெண்டெல்லோ வந்திருக்கிறீங்க. அது வேற விசயம்.

எந்த ஊர் எண்டு சொன்னீங்க? குறிஞ்சாக்கேணியா? அட, நானும் கிண்ணியாதான் சேர். அப்ப உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்ல. கொழும்பு ஆக்களுக்குச் சொன்னா சிரிக்கிறாங்க. கலியாணக் காவின் எழுத முதல், சபையில எல்லாரும் பாத்திருக்க, பொண்ணுட கூடப்பிறந்த காக்காதான் மாப்பிள்ளைட கையில மணிக்கூடு கட்டோணும் எண்டா, அப்பிடியும் ஒரு வழக்கமா எண்டு கேக்கிறாங்க. கட்டினாப் போதுமா? எங்கட குடும்பத்துல அந்தப் பொக்ஸையும் தட்டத்துல வெச்சு சபைக்குச் சுத்தி விடோணும். அம்பது பேர் தூக்கிப் பாப்பாங்க, குலுக்கிப் பாப்பாங்க, சிலபேர் மணந்தும் பாப்பாங்க. உங்கட பக்கமும் அப்பிடித்தானா? ம். நினைச்சன்.

சரி, கணக்குப் படிப்பிக்கிற சேருக்கு நான் ஒழுங்காச் சொல்லோணும். முதல்ல புதுசு. கொழும்புல ஏஜென்ட் கடை. உள்ளுக்குப் போனா ஏசி, கோப்பி, வெள்ளைக் கையுறை போட்ட பிள்ளை ஒண்டு மணிக்கூட்டைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வரும். விலையை வாயால சொல்ல மாட்டாங்க, துண்டுல எழுதிக் காட்டுவாங்க. டொலர் ஏறின பிறகு அந்தத் துண்டைப் பாக்கிறதுக்கே ஒரு துணிவு வேணும். ஆனா வொரண்டி காட்டுல உங்கட பேரையும் திகதியையும் போட்டு, சீல் அடிச்சுத் தருவாங்க. ஏதாவது நடந்தா அது அவங்கட தலைவலி. காசைக் குடுத்திட்டு நிம்மதியா நித்திரை கொள்ளலாம்.

டுபாயால கொண்டு வாற ஆக்களும் இருக்கிறாங்க. புதுசுதான், விலையும் குறைவுதான். ஆனா இங்கத்த ஏஜென்ட் அதைத் திரும்பியும் பாக்க மாட்டான். கஜீபன் எண்டு என்ட கூட்டாளி ஒருத்தன், கஸ்டம்ஸ்ல வேலை, அவனே ஏமாந்திட்டான் சேர்! நூறு மீட்டர் தண்ணிக்குள்ள போகலாம் எண்டு எழுதியிருந்திச்சு. மார்கழி மழையில சைக்கிள்ள வீட்டுக்குப் போனதோட உள்ளுக்கு மீன் வளக்கிற அளவுக்குத் தண்ணி. 

அடுத்தது நம்மட பக்கம். பாவிச்சது. நான் வித்துப் பிழைக்கிற சாமான் எண்டதுக்காகச் சொல்லல்ல. புதுசு கடை வாசலைத் தாண்டின உடனேயே விலை இறங்கிரும். அந்த இறக்கத்தை முதல் வாங்கினவன் தாங்கிக்கொள்ளுவான். நீங்க ரெண்டாவதா வாங்கினா அதே இயந்திரம், அதே உருக்கு, பாதி விலை. பட்டி மாட்டுற இந்த நாலு மூலையையும் தடவிப் பாருங்க. கூரா இருக்குதா? அப்பிடியெண்டா இதை யாரும் கண்டபடி பொலிஷ் பண்ணல்ல. மூலை மழுங்கின மணிக்கூட்டை வாங்கவே கூடாது. பின்மூடியில இருக்கிற இலக்கமும் வொரண்டி காட்டுல இருக்கிற இலக்கமும் ஒண்டா இருக்கோணும். பேப்பர்தான் சேர் உயிர். பொக்ஸும் காட்டும் இருந்தா அது மணிக்கூடு, இல்லாட்டி வெறும் இரும்பு. நான் பேப்பர் இல்லாத மணிக்கூட்டைத் தொடவே மாட்டன்.

ஏய், போ! போ அங்கால! பயப்பிடாதீங்க, மான்தான், இந்த டவுனெல்லாம் ஆடு மாதிரித் திரியுதுகள். ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு வந்து தலையை உள்ளுக்கு விடும். போன கிழமை ஒரு பொக்ஸ்ட வெளி மட்டையைத் திண்டு முடிச்சிட்டு. அந்த மட்டையோட எனக்கு ஐயாயிரம் போச்சு. இனி வராது, கடற்கரை ஜெட்டிப் பக்கம் போயிரும்.

என்ன சொன்னீங்க? பாதி விலைக்கு வாங்கினா மிச்சத்துல உங்கட டியூசன் கிளாஸுக்குக் கூரை போடலாமா?

ம்.

வாப்பா தந்த காசு, இல்லையா? புதுசு வாங்கச் சொல்லித்தான் தந்தவர். ஓம், ஓம், நீங்க பிழையா நினைச்சுச் சொல்லல்ல, விளங்குது. சபையில ஆர் பாக்கப் போறாங்க, மினுங்கினா எல்லாம் புதுசுதான். கூரை போட்டா நாப்பது பிள்ளைகள் மழையில நனையாது. நல்ல காரியம். எனக்கு விளங்குது சேர். என்னை விட இது ஆருக்கும் விளங்காது.

அதை இன்னும் கழட்டாதீங்க, கட்டியிருங்க. இப்ப நேரம் என்ன? அதுல பாத்துச் சொல்லுங்க. பன்னெண்டு பத்தா? அப்ப நேரம் இருக்கு. பன்னெண்டரைக்கு என்ட தங்கச்சி அம்ரா வருவா. மகனை ஸ்கூலால ஏத்திக்கொண்டு போற வழியில எனக்குச் சாப்பாடு தந்திட்டுப் போவா. அதுக்கிடையில உங்களுக்கு ஒரு காவின் வீட்டுக் கதை சொல்றன்.

ஏழு வருசத்துக்கு முதல். எங்கட அம்ராட காவின்தான். மாப்பிள்ளை றிஸ்கான், நல்ல பொடியன், ஹாபர்ல கிரேன் ஓட்டுறவர். மணிக்கூடு வாங்கிற பொறுப்பு எனக்கு. வீட்டுல மணிக்கூட்டைப் பத்தித் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானே, அப்ப நான் கொழும்புல ஒரு மணிக்கூட்டுக் கடையில வேலை. வாப்பா அரை ஏக்கர் வயலை வித்து எட்டு லட்சம் தந்தவர். சீல் உடைக்காத புது மணிக்கூடு வாங்கு ஸப்வான், நாளைக்கு ஒருத்தனும் என்ட பிள்ளையப் பாத்து ஒரு சொல் சொல்லக் கூடாது எண்டவர்.

நான் பாவிச்சது வாங்கினன். ஆனா சும்மா பாவிச்சது இல்ல சேர், அச்சா சாமான்! ஒரு கீறல் இல்ல. பொக்ஸ் இருக்கு, காட் இருக்கு, கூட வந்த குட்டிப் புத்தகம் கூட இருக்கு. எனக்குப் பெருமை தாங்கல்ல. பேப்பரோட இருக்கிற மணிக்கூட்டை எப்பிடி வைக்கோணும் எண்டு கடையில பழகினேனோ, அப்பிடியே எல்லாத்தையும் பொக்ஸுக்குள்ள அடுக்கித் தட்டத்துல வெச்சன். பழக்கம் சேர். கை தானா வெச்சிட்டு.

சிரிக்கிறீங்க. உங்களுக்கு விளங்கிட்டு.

சபை நிறைஞ்சிருக்கு. நான் மாப்பிள்ளைட கையில கட்டினன், எல்லாரும் மாஷா அல்லாஹ் எண்டாங்க. பொக்ஸ் சுத்தி வருது. மாப்பிள்ளைட மாமா முத்தலிப், அரசாங்கக் கச்சேரியில முப்பது வருசம் கிளாக்கா இருந்து பென்ஷன் எடுத்தவர். அவர் மருந்துப் போத்தல்ல ஒட்டியிருக்கிற துண்டையும் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற மனிசன். பொக்ஸைத் திறந்தார். காட்டை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏத்தினார். அவருக்குச் சத்தமில்லாம வாசிக்கத் தெரியாது சேர். பேர், மிஸ்டர் லார்ஸ். வாங்கின இடம், சிங்கப்பூர். வாங்கின வருசம், ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. வாசிச்சுப் போட்டு நிமிந்து கேக்கிறார், இந்த லார்ஸ் எண்டவர் பொண்ணு பக்கத்துக்கு என்ன முறை எண்டு.

சிரிங்க சேர், பரவாயில்ல. நானும் இப்ப இந்த இடத்துல சிரிக்கிறனான். அண்டைக்குச் சபையில இருந்த அம்பது பேரும் திரும்பி என்னைத்தான் பாத்தாங்க. வாப்பாட முகத்தை நான் பாக்கவே இல்ல. மாப்பிள்ளைட உம்மா உள்ளுக்கிருந்து கேக்கிறா, மணிக்கூடு மட்டும்தான் பாவிச்சதா, வேறயும் இருக்குதா எண்டு.

அப்ப அம்ரா என்ன செஞ்சா தெரியுமா? காவின் முடியாத பொண்ணு, வாய் திறக்கக் கூடாது. திரைக்கு அங்கால இருந்து எல்லாருக்கும் கேக்கத்தக்கனச் சொன்னா. நான்தான் காக்காட்டச் சொன்னனான், பாவிச்சதே போதும் எண்டு. மணிக்கூட்டுக்காக வாப்பாட வயல் போறது எனக்கு விருப்பமில்ல. பிழையெண்டா என்னைக் கேளுங்க. அவ்வளவுதான். நான் அவவிட்ட ஒண்டுமே கேட்டதில்ல சேர், அவ ஒண்டுமே சொன்னதும் இல்ல. முழுப் பொய். எனக்காகச் சொன்ன பொய். றிஸ்கான் கையை நீட்டினபடியே, சரி, காவினை எழுதுங்க எண்டார். முடிஞ்சுது.

எங்க முடிஞ்சுது? மாப்பிள்ளை நம்மட வீட்டுக்குத்தானே வந்தவர், வழக்கம் அப்பிடித்தானே. மாமி மாசத்துக்கு ஒருக்கா மகனைப் பாக்க வருவா. பிரிட்ஜைத் தட்டிப் பாத்துக் கேப்பா, இதுவும் பாவிச்சதா? கட்டிலைக் கேப்பா. அம்ரா வட்டிலப்பம் செஞ்சு வெச்சா, கரண்டியால கிண்டிப் பாத்து, இதுவும் பாவிச்சதா எண்டு கேப்பா. பகிடிதான், சிரிச்சுக்கொண்டுதான் கேப்பா. ஏழு வருசமாக் கேட்டா அது பகிடியா சேர்? பிள்ளை பிறந்து நாப்பதாம் நாள், அம்ரா புதுச் சாறி உடுத்திருந்தா. அதைப் பாத்தும் கேட்டா. அண்டைக்கு மட்டும்தான் அம்ரா குசினிக்குள்ள போய் அழுதவ. நான் கண்டனான். கண்டிட்டு வெளியால போயிட்டன்.

வாப்பா அந்த எட்டு லட்சத்துக்குக் கணக்குக் கேக்கல்லையா எண்டா கேக்கிறீங்க? ஓம், கேட்டவர். நான் சொன்னனான், ஒரு புரோக்கர் ஏமாத்திப் போட்டான் வாப்பா, எட்டு லட்சத்தையும் வாங்கிக்கொண்டு பாவிச்சதைப் புதுசெண்டு தந்திட்டான் எண்டு. வாப்பா மௌத்தாகிற வரைக்கும் இல்லாத ஒரு புரோக்கரை ஏசிக்கொண்டிருந்தவர். அம்ராவும் அதைத்தான் நம்புறா. காக்கா பாவம், பெரிய மனசு, சின்னப் பிள்ளை மாதிரி ஏமாந்திட்டார் எண்டு நம்மட வீட்டு ஆக்களுக்கெல்லாம் சொல்லுவா. அந்தப் பாவத்துலதான் சேர் ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு வருது.

மணிக்கூட்டை நாலு லட்சத்துக்கு வாங்கினனான். மற்ற நாலு லட்சமும் இந்தக் கடைக்கு அட்வான்ஸ். இந்தக் கண்ணாடிப் பெட்டி, நீங்க இருக்கிற கதிரை, அந்த பேன், எல்லாம் அதுலதான். கேட்ட ஆக்களுக்குச் சீட்டுக் காசு எண்டு சொன்னனான்.

கழட்டாதீங்க எண்டு சொன்னேனே. ஓம், அதுதான். நீங்க கட்டியிருக்கிறது அதுதான். காவின் முடிஞ்சு மூண்டாம் மாசம் றிஸ்கான் கொண்டு வந்து தந்தவர். எனக்குப் பழசு பிரச்சினை இல்ல மச்சான், உம்மா இதைக் காணுற நேரமெல்லாம் கதை வருது, உங்கட கடையிலேயே இருக்கட்டும், ஆரும் கேட்டா வித்திருங்க எண்டவர். கேக்கிறாங்கதான். நான் சொல்ற விலைக்கு உப்புவெளியில காணி வாங்கலாம், அதனால போயிருவாங்க. உங்களுக்கு ஏன் எடுத்துத் தந்தேன் எண்டு எனக்கே தெரியாது. உள்ளுக்கு வரைக்குள்ளயே வாப்பா தந்த காசு எண்டு சொல்லிக்கொண்டெல்லோ வந்தீங்க.

பாவிச்சது வாங்கிறது பிழையில்ல சேர். நல்ல மணிக்கூடு ஒண்டு எடுத்துத் தாறன், வாங்குங்க. ஆனா முதல்ல வாப்பாட்டச் சொல்லுங்க, மாப்பிள்ளையிட்டச் சொல்லுங்க, மிச்சத்தை வாப்பாட கையில குடுத்துப் போட்டுக் கூரைக்குக் கேளுங்க. இல்லாட்டி கொழும்புக்குப் போய்ப் புதுசு வாங்குங்க. எனக்கு ஒரு வியாபாரம் போகும், போகட்டும்.

அந்தா, ஸ்கூட்டிச் சத்தம். அவதான்.

இல்ல இல்ல, எழும்பாதீங்க. ஏழு வருசமா இந்த வாசல்ல நிண்டு சாப்பாட்டை வாங்கி, கறி நல்லம் எண்டு மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறன். இதை இண்டைக்குத்தான் முதல்முதலா வாயால சொன்னன், உங்களுக்கு. சொல்ல வருது சேர். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கதையை மாத்த ஏலாது. இருங்க.

வா அம்ரா. சாப்பாட்டை அந்த மேசையில வை. மருமகனுக்கு அந்த பேனைத் திருப்பி விடு, வேர்க்குது. இவர் குறிஞ்சாக்கேணிச் சேர், தங்கச்சிட மாப்பிள்ளைக்கு மணிக்கூடு பாக்க வந்தவர். ஓம், றிஸ்கான்ட மணிக்கூடுதான் அவர்ட கையில. விக்கல்ல, விக்கல்ல. நீ கொஞ்சம் இரு. அது எவ்வளவுக்கு வாங்கினது எண்டு உனக்கு நான் சொல்லோணும்.